படகுத்துறை நீர்மட்டத்தைப் ‘பொய் அளவு’ என்று குறித்த கோடைக் கணக்கு முகாம்

அனுப்புநர்:
ஆ. நீலகண்டன் (வயது 74),
ஓய்வுபெற்ற எழுத்தர் (கப்பல் முகவர் அலுவலகம், வெலிங்டன் தீவு),
படகுத்துறைப் பின்சந்து,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
சிறப்பு அலுவலர் அவர்கள்,
கோடைக் கல்வி முகாம்கள் பிரிவு,
எர்ணாகுளம்.

பொருள்: ‘கையால் கணக்கு’ கோடை முகாமில் என் பேத்தி ஸுப்ரியா முறையாக எடுத்த அளவைப் பொய் என்று எழுதியது – அக்குறிப்பை நீக்கவும், தொடர் வகுப்பில் அவளைச் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பணியில் இருந்த காலத்தில் பிறருக்காகப் பல புகார்களைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். என் பெயரில் எழுதுவது இதுவே முதல் முறை. கடுமையாக இருந்த சில வாக்கியங்களை இரண்டாம் படியில் நீக்கிவிட்டேன். இன்னும் ஏதேனும் மீந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். மனுக்களைத் தமிழிலும் தரலாம் என்று முகாம் அறிவிப்பின் அடியில் அச்சிட்டிருந்ததால் தமிழில் எழுதுகிறேன். அந்த அறிவிப்பில் இந்த ஒரு வரியாவது மெய்யாக இருக்கும் என்று நம்புகிறேன்.

1. ‘எண்சோலை’ என்னும் நிறுவனம் தங்கள் பிரிவின் சார்பில், மட்டாஞ்சேரியிலுள்ள தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்காக இந்தக் கோடையில் ‘கையால் கணக்கு’ என்ற இலவச முகாமை நடத்தியது. மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் சேர்ந்தார்கள். என் மகள் கற்பகம் எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். அவள் மகள் ஸுப்ரியா ஆறாம் வகுப்பு முடித்தவள். பகலில் என் பொறுப்பில் இருப்பவள். அவளை நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பொருள்களைத் தொட்டு, அடுக்கி, அளந்து கணக்குக் கற்கலாம் என்று அறிவிப்பு சொன்னது. எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. இப்போதும் அது நல்ல யோசனைதான். அது போய்ச் சேர்ந்த கைகளைப் பற்றியதே இம்மனு.

2. ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் மரக்கட்டைகள், பின்ன வட்டங்கள், அளவுநாடா அடங்கிய பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. அடுத்த ஊர் முகாமுக்கும் அவை புதியனவாகவே போய்ச் சேர வேண்டுமாம். ஆகவே பிள்ளைகள் கட்டைகளை உறைக்கு வெளியிலிருந்து பார்த்தார்கள். அதே கட்டைகளின் படம் சுவரில் திரையிட்டுக் காட்டப்பட்டது. புகைப்படக்காரர் வந்த அன்று மட்டும் பெட்டிகளின் மேல் கைகளை வைத்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். முகாமின் பெயருக்கு அன்று ஒரு நாள் நியாயம் கிடைத்தது.

3. பிள்ளைகளின் கை உண்மையாகவே பட்ட பயிற்சி ஒன்றே ஒன்று நடந்தது. அதற்கும் காரணம், கல்லூரியில் படித்துக்கொண்டே முகாமில் சொல்லிக்கொடுத்த செல்வி ஜிஷா. படகுத்துறை மேடையின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு உயரம் என்று அளந்து எழுத வேண்டும் என்பது பயிற்சி. அளவுநாடாக்களை உறையிலிருந்து எடுக்க அனுமதி கேட்டு, கிடைக்காமல், ஆளுக்கொரு கயிறு கொண்டுவரும்படி அவர் சொன்னார். பள்ளி அளவுகோலை வைத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட வேண்டும். ஸுப்ரியா மிளகுக் கடையில் மூட்டை கட்டும் கயிறு கேட்டு வாங்கிவந்து, தரையில் விரித்து, முடிச்சிட்டாள். ஒரு முடிச்சு சற்று விலகியிருந்ததை அவிழ்த்து மீண்டும் போட்டாள். நான் உதவவில்லை. என் விரல்கள் அதற்குப் பயன்படுவதில்லை.

4. விடை முன்கூட்டியே அச்சாகி வந்திருந்தது: நூற்று அறுபது சென்டிமீட்டர். அதாவது பதினாறு முடிச்சு. முகாம் ஒருங்கிணைப்பாளர் திரு. ஆனந்தகுமார் அவர்கள் பெங்களூரிலிருந்து வந்து, முகாம் தொடங்கும் முன் ஒரு காலையில், தாமே அளந்துவைத்த விடை அது.

5. இவ்விடத்தில் ஒரு விளக்கம் எழுத வேண்டியிருப்பதற்காகக் கூச்சப்படுகிறேன். தாங்கள் எர்ணாகுளத்தில் பணியாற்றுகிறவர், தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் படகுத்துறைத் தண்ணீர் கடலோடு சேர்ந்தது. நாள்தோறும் ஏறும், இறங்கும். வேலியேற்றம், வேலியிறக்கம் என்று இங்கே சொல்வார்கள். ஏற்றம் பலமாக இருக்கும் மாதங்களில் ஓடை வழியே தண்ணீர் எங்கள் சந்துக்குள் வந்துவிடும். வாசலில் விட்ட செருப்பைப் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்குவோம். இது இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பெங்களூரிலிருந்து வந்தவருக்குத் தெரியாமல் போனதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகும் அவர் தெரிந்துகொள்ள மறுத்ததைச் சொல்கிறேன்.

6. அன்று காலைப் பிரிவுப் பிள்ளைகள் முதலில் போனார்கள். வகுப்பு முடிவில் அவர்களுக்கு விடை வாசிக்கப்பட்டது. மதியப் பிரிவுப் பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே, “பதினாறுடா, பதினாறு! எழுதிட்டு ஐஸ் வாங்கப் போ” என்று வாசலில் செய்தி கைமாறிவிட்டது. மதியப் பிரிவில் கயிற்றைச் சுருள் பிரித்தவள் ஸுப்ரியா ஒருத்திதான் என்று செல்வி ஜிஷாவே என்னிடம் சொன்னார். மற்றவர்கள் நூற்று அறுபது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. முகாம் எதைக் கேட்டதோ அதைக் கொடுத்தார்கள். ஸுப்ரியாவும் ‘பதினாறு’ என்பதைக் கேட்டுக்கொண்டேதான் போனாள். ஆனாலும் மேடையில் குப்புறப் படுத்துக் கயிற்றை இறக்கினாள். பத்தாவது முடிச்சிலேயே நுனி நனைந்துவிட்டது. நூறு என்று எழுதினாள். அதன் கீழே, தமிழில் எழுதத் தடுமாறுகிறவள் ஆதலால் மலையாளத்தில், ‘இப்போது தண்ணீர் ஏறியிருக்கிறது’ என்றும் எழுதினாள்.

7. செல்வி ஜிஷா அதைச் சரி என்று குறித்தார். திரு. ஆனந்தகுமார் அவர்கள் அந்தக் குறியை வெட்டி, பூஜ்யம் போட்டு, சிவப்பு மையில் இவ்வாறு எழுதினார்: ‘அளக்காமல் எழுதிய பொய் அளவு. தவறை மறைக்கக் காரணமும் கற்பித்திருக்கிறாள்.’ இதன் பேரில், ஜூன் மாதம் தொடங்கும் ஓராண்டு இலவசத் தொடர் வகுப்பிலிருந்து அவள் நீக்கப்பட்டாள். குறிப்பின் நகல் பள்ளி திறந்ததும் அவளுடைய புதிய வகுப்பாசிரியைக்குப் போகும் என்றும் தெரிவிக்கப்பட்டது. பொய் சொல்லும் பெண் என்ற அறிமுகத்தோடு அவள் ஏழாம் வகுப்புக்குள் நுழைய வேண்டும்.

8. எனக்கு எதிலும் உடனே உறுதி வருவதில்லை. குழந்தைதான் தவறியிருப்பாளோ என்று எனக்கும் ஐயம் எழுந்தது. ஆகவே அவளுடைய கயிற்றை எடுத்துக்கொண்டு நானே படகுத்துறைக்குப் போனேன். விளிம்பில் குனிந்தபோது, டிக்கெட் கொடுக்கும் ஒச்சப்பன் ஓடிவந்து என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். “வேண்டாம் தாத்தா, எந்தப் பிரச்சினையா இருந்தாலும் ஒரு சாயா குடிச்சிட்டுப் பேசலாம்” என்றார். நான் தண்ணீரை அளக்க வந்தேன் என்றதும், “அது எப்பவும் ஒரே எடத்துல நிக்கும்னு ஒங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டார். படகுக்காக நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உரியதல்ல. உரியவரிடம் சேர்க்கும் துணிவின்றி வாங்கிக்கொண்டேன். பிறகு ஒச்சப்பன் என்னைப் பிடித்துக்கொள்ள, காலையில் ஒரு முறையும் மதியத்தில் ஒரு முறையும் அளந்தேன். காலையில் பதினைந்து முடிச்சும் சிறிதும், மதியத்தில் பதினொன்று.

9. இந்த அளவுகளோடு திரு. ஆனந்தகுமார் அவர்களைப் போய்ப் பார்த்தேன். நிறைவு விழாப் பதாகையில் தம் படம் சிறிதாக வந்துவிட்டது பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், முடியும்வரை நின்றேன். பிறகு நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “கடல் ஏறுச்சு, இறங்குச்சுன்னா நான் என்ன ஸார் பண்ணட்டும்? விடைத்தாள் அச்சடிச்சாச்சு” என்றார். மேலும், “எல்லாப் பிள்ளைக்கும் பதினாறு வந்திருக்கு. உங்க பேத்திக்கு மட்டும் தனிக் கடலா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ரசித்தார்கள். நான் தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி என்று பாதி வழியில் யோசித்து நின்றேன். அவர் கேட்டதற்கு இப்போது பதில் இருக்கிறது. கடல் எல்லாருக்கும் ஒன்றுதான் ஐயா. அதைப் பார்த்தவள் ஒருத்தி.

10. என் தரப்பில் உள்ள குறைகளையும் சொல்லிவிடுவதே முறை. கயிறு நனைந்தால் சிறிது சுருங்கும். முடிச்சுகள் ஒன்றுபோல் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அவள் பத்து முடிச்சு என்றது ஒன்பதே முக்காலாக இருக்கலாம். அதற்காக மதிப்பெண் குறைத்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ஆனால் ஆறு முடிச்சு நீளத்தை எந்தக் கயிறும் சுருக்கி விழுங்காது. தாம் அளந்த ஒரு காலைப்பொழுதை எல்லாக் காலத்துக்குமான விடையாக அச்சடித்து, அதனோடு ஒத்துப்போகாத கடலையும் குழந்தையையும் பிழை என்று எழுதும் ஒருவரிடம் கணக்கை ஒப்படைப்பது, திசைகாட்டியை அசையாமல் ஆணியடித்து வைத்திருக்கும் மாலுமியிடம் கப்பலை ஒப்படைப்பதற்குச் சமம். இந்த வாக்கியத்தையும் நீக்கத்தான் எண்ணினேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

11. இம்மனுவை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். தயக்கம் நீங்கியது சென்ற ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்க வேண்டும், அகலத்தை அளந்து சொல் என்று கற்பகம் மகளிடம் சொன்னாள். ஸுப்ரியா கயிற்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் அருகே போனாள். அளக்காமல் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “எவ்வளவு வரணும், தாத்தா?” என்று கேட்டாள்.

முகாமில் அவள் கற்றுவந்த கணக்கு இதுதான் ஐயா. இதைக் கற்பிக்கப் பெட்டியும் திரையும் பதாகையும் வேண்டியதில்லை. பயம் ஒன்று போதும். அதை என்னிடமே கற்றிருப்பாள்.

12. ஆகவே நான் பணிவுடன் கேட்பவை: ஸுப்ரியாவின் தாளில் உள்ள ‘பொய் அளவு’ என்ற குறிப்பை, பள்ளி திறப்பதற்கு முன், எழுதியவரின் கையாலேயே அடித்து நீக்கச் செய்ய வேண்டும். தொடர் வகுப்பில் அவளுக்குரிய இடத்தைத் தர வேண்டும். அவள் அளந்தது சரி என்று அவளிடமே யாரேனும் ஒருவர் சொல்ல வேண்டும். நான் சொல்லிவிட்டேன்; தாத்தா அப்படித்தான் சொல்வார் என்கிறாள்.

என் சொல்லை மட்டும் நம்பித் தாங்கள் முடிவெடுக்க வேண்டாம். எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்தால் இறங்குமிடமே அந்த மேடைதான். வரும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் தாங்களே அளந்து பார்க்கலாம். எவ்வளவு வர வேண்டும் என்பதை நான் முன்கூட்டி எழுதப்போவதில்லை.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டமைக்கு வருந்தியும், எழுதியதற்கு வருந்தாமலும்,

(ஒப்பம்)
ஆ. நீலகண்டன்

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 20.05.2025

இணைப்பு: முடிச்சிட்ட கயிறு ஒன்று. அளந்து முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டுகிறேன். அது குழந்தையுடையது, ஜன்னல் இன்னும் அளக்கப்படவில்லை.