புகையெழாக் கோரைவெளி

நீர் நாற்புறமும் சூழ, நிலம் நடுவே நிலைத்து நிற்க. பனிமலை தன் இடத்தில் நிற்க. பேராறு தன் தடத்தில் செல்க. பதினான்கு நாட்டுக் குடிகளும் தத்தம் அடுப்பில் சோறு காண்க.

ஏழ்திரைப் பெருந்தரையின் காவலரும், கீழ்க்கடல் கடந்த கோமகனும், ஆமைப்பொறி உடையவருமாகிய கோ இமிழ்திரையார் திருவாணைக்கு உட்பட்டு, வட எல்லை அமைச்சராய் உப்பங்கரை மன்றத்தில் அமர்ந்திருக்கும் மிளைவேள், கழுகுக்குன்றக் கோட்டைத் தண்டநாயகர் வயமான் ஏனாதியார்க்கு விடுக்கும் ஓலை. கோட்டையில் உள்ளோர்க்கும் அவர்தம் குதிரைகட்கும் நலம் உண்டாகுக. இதைக் கொண்டுவருபவர் மூன்று நாள் சேணத்தை விட்டு இறங்காமல் வருகிறார். அவருக்கு முதலில் நீர் தருக. ஆயினும் அவர் குடித்து முடிக்கும்வரை காத்திராமல் இதைப் படிக்கத் தொடங்குக.

வடமேற்கிலிருந்து வரும் பகைவர் குதிரைப்படைக்குத் தீனி கிடையாதபடி, ஈராற்றிடைக் கோரைவெளியை இத்திங்கள் முழுநிலா நாள் நண்பகலில் மேல்காற்று எழும்போது எரித்துவிட வேண்டும் என்று அரசர் பொறித்த ஆணை தங்கள் கையில் உள்ளது. ஆமைப்பொறி இட்ட ஆணையை மாற்ற அரசர் ஒருவருக்கே உரிமை உண்டு. அவரோ கடலுக்கு அப்பால் இருக்கிறார்; ஓலை சென்று மீள நாற்பது நாள் ஆகும். முழுநிலாவுக்கு இன்னும் ஆறு நாளே உள்ளது. ஆகவே இவ்வோலை ஆணையை மாற்ற வந்ததன்று. அந்த ஆணை எந்தக் கணக்கின்மேல் நிற்கிறதோ, அந்தக் கணக்கைப் பற்றி வந்தது.

இப்பெருந்தரையைக் காலால் நடந்து வீடு வீடாக அறிய ஓர் ஆயுள் போதாது. எனவே முன்னோர் புகையை எண்ணும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர். விடியலில் உயர்ந்த இடத்தில் நின்று, அடுப்புப் புகை எத்தனை எழுகிறது என்று மூன்று நாள் எண்ண வேண்டும். ஒரு புகைக்கு ஒரு குடி. ஒரு புகையும் எழாத நிலம் ‘புகையிலி’ என்று எழுதப்படும். புகையிலியில் அரசர் தாம் கருதியதைச் செய்யலாம். புகை ஒன்று எழுந்தாலும் அது குடிநிலம், அதற்குத் தீ வைத்தல் ஆகாது. இது தாங்கள் அறிந்ததே.

கோரைவெளியைப் புகையிலி என்று எழுதியவர் நிலக்கணக்கர் அந்துவன். உப்பு மூட்டை ஏற்றும் கூலியாளாய் இருந்து, பகல் வேலை முடித்து மாலைப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்று, இருபத்தாறாம் வயதில் இப்பதவிக்கு வந்தவர். சிறுவயதிலேயே கற்றவர்கள் நடுவில் தமக்கு மட்டும் ஏதோ ஒன்று தெரியாமல் போய்விட்டது என்னும் அச்சம் அவரை விட்டதில்லை. அதனால் அன்றன்று கண்டதை அன்றன்றே நாட்குறிப்பாக எழுதிவைப்பார்.

மூன்று ஆண்டு அவர் இத்தரையில் அலைந்தார். தென்முகத்துப் படகுக்குடிகளின் புகை நீரோடு நகரும். ஒன்றையே இருமுறை எண்ணிவிடாதிருக்க ஒவ்வொரு படகின் பாய்நிறத்தையும் குறித்துக்கொண்டார். செம்மணற் பாலையில் விறகு அரிது ஆதலால் ஏழு கூடாரத்துக்கு ஒரே தீ. அங்கே ஒரு புகைக்கு ஏழு குடி என்று எழுதினார். மழைக்காட்டார் வீடுகளில் புகைபோக்கி இல்லை. கூரை முழுவதும் ஆவிபோல் கசியும், ஒரு வீடா ஊரா என்று தெரியாது. நாய்க்குரைப்பைக் கொண்டு கணித்தார். பிறகு அதிலும் ஐயம் வந்து இறங்கிப் போய் மூவரைக் கேட்டார். பனிமலையில் சாண எரியின் வெண்புகை முகிலோடு கலந்துவிடவே, எண்ணுவதையே விட்டுவிட்டு நாற்பத்தொரு நாள் கதவு கதவாகத் தட்டினார். அம்மலையின் கீழ்ச்சரிவார் பேசுவது மேல்சரிவார்க்குப் புரியாது. ஒருவர் இறந்தோரைப் பாறையில் கிடத்துவர், மற்றவர் ஆற்றில் விடுவர். ஆனால் புதியவர் வந்தால் இரு சரிவிலும் முதலில் நீட்டுவது மோர்தான் என்று அவர் குறிப்பில் உள்ளது.

எல்லா நாட்டிலும் இப்படி ஐயுற்றவர் கோரைவெளியில் மட்டும் ஐயுறவில்லை. அதுவே அவர் கணக்கின் கடைசி நிலம். சென்ற ஆண்டு இதே புல்முற்றுத் திங்களில் அங்குள்ள மேட்டில் மூன்று விடியல் நின்றார். வானம் தெளிந்திருந்தது. ஒரு புகையும் இல்லை. இத்தனை எளிதான கணக்கு அவருக்கு வாய்த்ததே இல்லை. புகையிலி என்று எழுதிவிட்டு ஊர் திரும்பினார்.

தங்கள் படைக்காக அந்நிலப்படத்தை ஒன்பது படி எடுக்கும் வேலை சென்ற திங்களின் முடிவில் அவரிடமே வந்தது. நான்காம் படியில் அச்சொல்லை எழுதும்போது அவர் கை நின்றது. எரிக்கப் போகிறார்கள் என்பது அப்போது அவருக்குத் தெரியும். பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தார். மூன்றாம் விடியலின்கீழ் இவ்வாறு இருந்தது: ‘புகை இல்லை. கழுத்தில் பின்னல்கயிறு கட்டிய கன்று ஒன்று ஓடையில் நீர் குடித்தது. எங்கிருந்தோ வழி தவறியதாகலாம்.’ கயிறு பின்ன ஒரு கை வேண்டும் என்று அப்போது தோன்றாதது இப்போது தோன்றியது. யாரிடமும் கேட்க நாணி, காய்ச்சல் என்று சொல்லி விடுப்புப் பெற்று, அத்திங்கள் முடிய இரு நாள் இருக்கும்போதே தனியாகப் புறப்பட்டார்.

இனி வருவன அவர் மன்றத்தில் உரைத்தவை. சாட்சி கேட்டதைக் கேட்டபடியே எழுதுவது இம்மன்றத்தின் வழக்கம் ஆதலால் பிறர் பேச்சும் அவ்வாறே எழுதப்படுகிறது.

இத்திங்கள் மூன்றாம் நாள் கோரைவெளியின் நடுவே நின்று அவர் கூவினார். பதிலாக ஏதும் கேட்கவில்லை. பத்தடி தள்ளிப் புல்லை விலக்கிக்கொண்டு, கையில் தயிர்க்கலயத்தோடு ஒரு பெண் எழுந்து நின்றாள். மேற்கு மந்தைகளுக்குத் தலைவியாகிய தூவி என்பவள் அவள்.

“யாருய்யா நீ? எதுக்கு மாடு மிரளுற மாதிரி கத்துறே?”

இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார்.

“மாட்டைக் கேளு, எண்ணிச் சொல்றேன். ஆளை எல்லாம் எவன் எண்ணினான்?”

ஏன் அடுப்பு மூட்டுவதில்லை என்று கேட்டார்.

“கண்ணு தெரியலையா? புல்லு காய்ஞ்சு நிக்குது. ஒரு பொறி விழுந்தா வெளி முழுக்கப் போயிடும். இந்த மாசம் முழுக்க, மழை விழுற வரைக்கும், தயிரும் ஊறவெச்ச தினையும்தான். பச்சைப்பிள்ளைக்குக்கூடச் சூடா ஒண்ணும் கிடையாது.”

அந்துவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தாம் யார், எதை எழுதினார், என்ன நடக்கப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள்.

“போன வருசம் அந்த மேட்டு மேல மூணு நாள் நின்னது நீதானா? எங்க ஆளுங்க கொக்குன்னு பந்தயம் கட்டினாங்க. ஏய்யா, இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

பிறகு சிரிக்கவில்லை.

இடுப்புயரமே உள்ள அவர்கள் குடில்களும் மேயும் மாடுகளும் ஆளுயரப் புல்லுக்குள் அமிழ்ந்திருப்பதால் மேட்டிலிருந்து தெரிவதில்லை. அன்று மாலைக்குள் அறுநூற்றுப் பதினேழு குடில் எண்ணினார். அதன்பின் எண்ணுவதை நிறுத்தினார். அவர்கள் வெளியேறவும் வழியில்லை. பசுக்கள் கன்று ஈனும் காலம் இது, கிழக்கே மலைப்பனி உருகிப் பேராறு கரைபுரள ஓடுகிறது, மேற்கே பகைவர்.

நான்காம் நாள் அவர் தங்களிடம் வந்தார். தாங்கள் மறுமொழியாகக் கூறியதையும் மன்றம் அவ்வாறே எழுதுகிறது.

“என்னய்யா கணக்கரே, போன வருசம் ஆளே இல்லன்னு எழுதினது உங்க கை. இந்த வருசம் ஊரே இருக்குன்னு சொல்றது உங்க வாய். நான் எதைய்யா நம்பறது? எனக்கு முன்னாடி இருந்தவரு ஆணையைத் தன் புத்தியால படிச்சாரு. அவரு தலை இப்ப எங்க இருக்குன்னு தெரியும்ல?” அவர் நகராமல் நிற்கவே, “போய்யா, போய் ஒரு புகை காட்டு. ஒண்ணே ஒண்ணு. நிறுத்திடறேன்” என்றும் கூறினீர்கள்.

அச்சொல்லில் கேலி இருந்தது என்று அந்துவன் எண்ணுகிறார். அமைச்சர் அவ்வாறு கொள்ளவில்லை. தண்டநாயகர் சொன்ன சொல் சொல்லே. முன்னவர்க்கு நேர்ந்ததை அறிந்தவர் எவரும் தாங்கள் ஆணையின் எழுத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதைக் குறை கூறார். ஒற்றரை அனுப்பினாலும் ஒற்றர் மொழி ஆணைக்கு முன் நில்லாது. புகை ஒன்றே நிற்கும்.

எனவே ஐந்தாம் நாள் அவர் மீண்டும் கோரைவெளிக்குச் சென்று, ஓர் அடுப்பு மூட்டுங்கள் என்று இரந்தார். அதற்குத் தூவி உரைத்தது: “ராசா வந்து எரிக்கிறதுக்கு முன்னாடி நாங்களே பத்தவெச்சுக்கணுமா? நல்லா இருக்குய்யா உன் வைத்தியம்!”

அவள் தமையன் உலவன் என்பான் உரைத்தது: “இந்த மாசத்துல தீ மூட்டினவனை வெளியை விட்டுத் துரத்துவோம். அது எங்க சட்டம். உங்க ராசாவுக்கு ஒரு சட்டம் இருந்தா எங்களுக்கும் ஒண்ணு இருக்காதா?”

கூடியிருந்தோர் ஒருமனப்படவில்லை. சிலர் பகைவரிடமே போய்விடலாம் என்றனர். கடைசியில் தூவி ஒன்று சொன்னாள். வற்றிய ஏரியின் நடுவில் புல் முளைக்காத மொட்டைப்பாறை ஒன்று உண்டு. “அங்க வேணா மூட்டு. நீ மூட்டு. ஈரத்தோலோட நாப்பது பேரைச் சுத்தி நிறுத்துறேன். எங்க கை அதுல படாது.” படைகளைப் பற்றியும் சொன்னாள்: “குதிரைக்காரன் வர்றப்போ புல்லு இருக்கக்கூடாது, அவ்வளவுதானே? இப்பவே எங்க மாடு மொத்தத்தையும் மேற்கே திருப்புறேன். பத்து நாள்ல தரை தெரியும். இதை ஏன் யாரும் எங்களைக் கேக்கலை?”

பகைவர் வருவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் என்று தங்கள் ஒற்றரே கூறியிருப்பதால், இச்சொல்லைத் தாங்களும் எண்ணிப் பார்க்க.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. இன்று காலை அந்துவன் இவற்றையெல்லாம் உரைத்து முடித்தபின் அமைச்சர் அதை அவருக்கு எடுத்துக் கூறினார். வழிப்போக்கர் மூட்டிய தீ கணக்கில் சேராது. அந்நிலத்துக் குடியின் அடுப்பே சேரும். மன்றத்தின்முன் நேரில் வந்து பெயர் பதிந்தவரே குடி. கோரையர் எவரையும் நான்கு நாள் வழியிலிருந்து கொண்டுவந்து பதிந்து, முழுநிலாவுக்குள் திருப்பி அனுப்ப இயலாது.

அந்துவன், “அப்ப என் பேரை எழுதிக்கோங்க, ஐயா” என்றார்.

நிலக்கணக்கர் எந்நிலத்துக்கும் குடியாகலாகாது என்றும், குடியானால் பதவி போகும் என்றும், ஒருமுறை துறந்த பதவி மீளாது என்றும் அமைச்சர் எடுத்துரைத்தார். தெரியும் என்றார். விரலில் இருந்த கணக்கர் பொறியைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார். அது கோணலாக இருந்தது கண்டு, நேராக நகர்த்தி வைத்தார். அதன்பின் மன்றத்தார் ஏட்டில் எழுதினர்: கோரைவெளி, குடி ஒன்று, பெயர் அந்துவன்.

பாறையில் என்ன சமைப்பீர் என்று அமைச்சர் கேட்டார். “கஞ்சிதான், ஐயா. வேற எதுவும் எனக்கு வராது” என்றார். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, “காத்து அடிச்சுப் புகை படுத்துடுச்சுன்னா?” என்று கேட்டார். இவ்வோலை எழுதப்படும் இந்நேரம் அவர் ஒரு மண்சட்டியும் ஒரு சுமை காய்ந்த விறகும் குதிரைமேல் கட்டி ஊர்வாசலைக் கடந்துவிட்டார். பதின்மூன்றாம் நாள் வெளியை அடைவார். உலவனும் அவனைச் சேர்ந்தோரும் அவரைப் பாறைக்கு விடுவார்களா என்பது தெரியாது. விட்டால், முழுநிலா நாள் விடியலில் அங்கே அவர் அடுப்பு எரியும்.

ஆகவே தண்டநாயகர் செய்யத்தக்கன இவை.

கணக்கர் இல்லாத நிலத்தில் அருகிலுள்ள கோட்டைத் தலைவரே கணக்கர் என்பது சட்டம். அந்துவன் பதவி துறந்ததால் கோரைவெளிக்கு இப்போது கணக்கர் தாங்களே. முழுநிலா நாள் விடியலில், வேறு எவரையும் அனுப்பாது, தாங்களே அந்த மேட்டில் ஏறுக. வெள்ளி மறையுமுன் ஏறி, வெயில் புல்நுனியைத் தொடும்வரை நிற்க. ஏரியிருக்கும் வடகிழக்கை மும்முறை பார்க்க. கண்டதை உரத்துச் சொல்லி, சொன்னதைத் தம் கையாலேயே ஏட்டில் எழுதுக. காற்றால் புகை சாய்ந்திருப்பினும் அது புகையே. எழுதியது எதுவாயினும் அதன்படி ஆணையை நிறைவேற்றுக.

இதில் இட்டிருப்பது ஆமைப்பொறி அன்று. உப்பங்கரை மன்றத்தின் மீன்பொறி. இதனால் அரசர் சினந்தால் அச்சினம் மிளைவேளின் தலைமேல் ஆகுக, தண்டநாயகர்மேல் ஆகற்க. புல்முற்றுத் திங்கள் ஒன்பதாம் நாள், நண்பகலுக்குச் சற்று முன் எழுதி, உலருமுன் மடித்தது. எழுத்து கலைந்திருப்பின் பொறுத்தருள்க.

இறுதியாக ஒன்று, இதையே முதலில் செய்க. அன்று காலை பாசறையில் ஓர் அடுப்பும் எரியலாகாது. பந்தங்களை அணைத்து மேட்டின் தென்புறம் வைக்க. வீரர் பழஞ்சோறு உண்க. நம் புகை நடுவில் நின்றால், அந்த ஒன்றைக் காணமுடியாது.