லதிகா காப்பாற்றிய பதினொரு பூரங்கள்

சசியேட்டா,

புட்டும் கடலையும் மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு நம் பழைய கணினியை வாங்கக் கடைக்காரர் வருவார்; அதில் உள்ளதையெல்லாம் துடைத்துவிடுவார். தாராளமாகக் கொடுங்கள்.

நேற்று நீங்கள் நகலெடுக்கும் கட்டளையாம், cp என்று தட்டிவிட்டு, பூரத் திருவிழா மேளப் பதிவுகள் எல்லாம் பென்டிரைவுக்குப் போய்விட்டதாக முழங்கினீர்கள். பார்க்க வந்த உங்கள் தங்கை லதிகாவிடம், "ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு இதெல்லாம் புரியாதுடீ" என்றீர்கள். கருப்புத் திரையில் வந்த ஒற்றை வரியைப் பாராட்டு என்று நினைத்தீர்கள் போலும். கோப்புறையை விட்டுவிட்டேன் என்று அது கதறியிருக்கிறது.

இன்று காலை லதிகா திறந்து பார்த்தால் பென்டிரைவ் காலி. cp-க்குப் பின்னால் -r சேர்த்துத் தட்டினாள். பதினொரு வருடப் பூரமும், கோப்புறைக்குள் கோப்புறையாக, குலையாமல் போய்ச் சேர்ந்தது. திரையில் ஒரு சொல்கூட வரவில்லை.

"என்னடீ, இது ஒண்ணுமே சொல்லலியே?" என்றேன்.

"வேலை நல்லா முடிஞ்சா அது பேசாது, ஏட்டத்தி. தப்பானாத்தான் வாயைத் திறக்கும்."

இந்த வீட்டில் அப்படி ஒன்று இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

ராகிணி

பி.கு.: "ஏட்டன் காப்பி எடுத்ததாவே இருக்கட்டும், பாவம்" என்றாள் லதிகா. சரியென்று தலையாட்டினேன். ஆகவே எல்லாம் நீங்களே எடுத்தீர்கள். மதியத்துக்குள் அவளைக் கூப்பிட்டு, எதற்கென்று சொல்லாமல் மன்னிப்புக் கேளுங்கள்.