பார்க்காத முகம்

ஏங்க, நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. பாப்பாவை நாலு மணிக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

தெருமுனைக் கடையை உடைத்துவிட்டு ஓடியவனின் முகத்தை நான் பார்க்கவே இல்லை, முதுகைத்தான் பார்த்தேன். 'அந்த ஆளுங்களே அப்படித்தான்' என்ற நினைப்பில் கீழ்வீட்டுத் தையல்காரரைக் கைகாட்டிவிட்டேன். பத்து நாளாக அவர் உள்ளே இருக்கிறார். எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

"இப்போ மாத்திச் சொன்னா நீதான்டி மாட்டுவே"ன்னு காலையில் கத்தினீர்கள். மாட்டினால் மாட்டிக்கொள்கிறேன்.

சாவி எதிர்வீட்டில்.

பி.கு.: தையல்காரர் மனைவியிடம் சொல்ல மூன்று தடவை படியிறங்கிப் போய், தைரியம் வராமல் திரும்பிவிட்டேன். இப்போதுதான் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் நிற்கிறாள்.