ஒரே வயதுப் புரதங்கள்

கும்மிடிப்பூண்டி,
ஆகஸ்ட் 2004

அன்புள்ள ஜெபாவுக்கு,

ஜோஷ்வா எழுதுவது. நலமாக இருக்கிறேன். ஹைதராபாத் விடுதிச் சாப்பாடு இப்போதாவது உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவேன்.

சரிபார்த்துச் சொல்லச் சொல்லி நீ அனுப்பிய சி.டி.யை ஆலை லேப் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நான் இரும்புக்காரன், புரிந்த அளவில் சொல்கிறேன். ஈஸ்ட்டில் எந்தப் புரதம் எதனோடு ஒட்டுகிறது என்று ஒரு வலை. செடி, மனிதன் என்று எல்லா உயிரிலும் இருப்பது பழைய புரதம். ஈஸ்ட்டில் மட்டும் இருப்பது புதியது. பழையதற்கு இணைப்பு அதிகம். ஒரே காலத்தில் தோன்றியவை தங்களுக்குள்ளேயே அதிகம் ஒட்டும். இதுதானே உன் ஆய்வு? தப்பென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன், சரியென்றால் இன்னும் இரண்டு வருடம் என்று எழுதியிருந்தாய்.

முதலில் தப்பு என்றுதான் பட்டது. எங்கள் ஆலையில் பழைய உலையிலிருந்துதான் அடிக்கடி சாம்பிள் எடுப்பார்கள். அதனால் ரிப்போர்ட்டில் குறையெல்லாம் அதன் தலையில். புது உலையை யாரும் சீண்டுவதில்லை. உன் பழைய புரதங்களும் அப்படித்தான். ஆய்வாளர்கள் எல்லாரும் அவற்றையே தோண்டுகிறார்கள், இணைப்பும் அங்கேதான் அகப்படுகிறது.

அன்றைக்கே வீட்டை ஒட்டடை அடித்தேன். நீ திட்டிக்கொண்டே இருந்த குளியலறைத் தாழ்ப்பாளை மாற்றினேன். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, ஊட்ட இப்டி தேச்சிக்கினு கீற? பொண்டாட்டி வர்ராளா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் ஒழுங்காகச் சோதித்தேன். எல்லாப் புரதங்களையும் ஒரே மாதிரி பரிசோதித்த தரவை மட்டும் வைத்துக்கொண்டேன். பழையதற்கு இணைப்பு அதிகம் என்பது பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. உன் கைடு எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதைப் பெரிதாக எழுதாதே. ஆனால் ஒரே வயதுக்காரர்கள் ஒட்டுவது கரையவில்லை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை இணைப்போ அதை அப்படியே விட்டு, ஜோடிகளை மட்டும் கலைத்துக் கலைத்துப் பார்த்தேன். கலைத்த எந்த வலையிலும் ஒரே வயதுக்காரர்கள் அந்த அளவு ஒட்டவில்லை. நீ சொன்னது சரி.

எங்கள் கேன்டீனைப் பார்த்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரே மேசை. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார்கள். உலைக்காரப் பச்சையப்பன் போன வாரம், "இன்னா சார், உன் செட்டு ஒருத்தனும் இல்லியா? தனியா குந்திக்கினு துன்றியே, எங்க மேசைக்கு வா" என்றார். போனேன். பேசியதெல்லாம் நான் சேர்வதற்கு முந்தைய கதை. எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாமல், அவர்கள் சிரித்தபோதெல்லாம் சிரித்துவிட்டு வந்தேன்.

முடிவு தெரிந்தும் இரண்டு நாள் எழுதவில்லை. தப்பு என்று ஒரு வரி போட்டால் போதும், நீ ரயில் ஏறிவிடுவாய். நான் சொன்னால் நம்பவும் நம்புவாய். அதுதான் பேஜார்.

வராதே. இருந்து முடி. உங்கள் அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஆரோக்கியமேரி அக்காவுக்கும் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்காதே, தலைவலி வரும்.

இது கிடைத்ததும் போன் செய்யாதே. ஞாயிறு ஆராதனை முடிந்து செய். அதற்குள் சாதாரணமாகப் பேசப் பழகிவிடுவேன். உன் உழைப்பைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணட்டும். தினமும் அதற்குத்தான் ஜெபிக்கிறேன்; வேறு எதையும் கேட்டுவிடாமல் இருக்கப் பார்க்கிறேன்.

உன்,
ஜோஷ்வா