நீ வெடிக்க விடாத சரம்

தோஸ்து, இன்றைக்குக் காலையில் உன் சரவெடியை மொட்டை மாடியில் காய வைத்தேன். மழை விட்டு நல்ல வெயில். சாக்கைப் பிரித்ததும் மருந்து வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. மற்ற ஊருக்கெல்லாம் அது தீபாவளி வாசனை. மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் குடியிருக்கிற நமக்கு அது சாவு வாசனை. மேளம், வெடி, பூ, பின்னால் பாடை. நம் தெருவுக்கு இது காய்கறி வண்டி வருகிற மாதிரி.

அந்த ஊர்வலங்களில் முன்னால் ஆடுகிறவன் நீ. செத்தவன் யாரென்றே தெரியாது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவாய். ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வந்த காலோடு ஆடுவாய். "ஆளு தெரியாம ஆடுறியேடா" என்று கேட்டால், "போறவனுக்கு டாட்டா காட்ட ஆளு தெரியணுமா?" என்பாய். நீ எட்டாவது வரை படித்தவன், நான் ஐந்தாவதோடு சரி. அந்த மூன்று வகுப்புத் திமிர் கடைசி வரை உனக்குப் போகவில்லை.

அப்படிப்பட்டவனை ஒரு நாய் உட்கார வைத்தது.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில், கால் நசுங்கிக் கிடந்தாள். அவளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாய். கால் ஆறியது, கொஞ்சம் நொண்டல் மட்டும் மிச்சம். குரைக்க மாட்டாள், கடிக்க மாட்டாள். பூனை வந்து அவள் தட்டில் வாய் வைத்தால் இவள் எழுந்து இடம் விடுவாள். சாந்தி என்று பேர் வைத்தாய். பெண்டாட்டியைப் பறிகொடுத்துத் தனியாக இருக்கிற கிழவன் "சாந்தி, வந்து படு" என்று கூப்பிட்டால் தெரு சும்மா இருக்குமா? பின் சந்து சாந்தியின் புருஷன் சண்டைக்கே வந்தான். அவனிடம் போட்டுக் கொடுத்தவன் யாரென்று கடைசி வரை தேடினாய். வேறு யார், நான்தான்.

வெடிதான் அவளுக்கு ஆகவில்லை. ஒரு சரம் வெடித்தால் போதும், கட்டிலுக்கடியில் புகுந்து, கிடந்த இடத்திலேயே மூத்திரம் விட்டு, பொழுது சாயும் வரை நடுங்குவாள். சோறு இறங்காது. காதில் பஞ்சு வைத்தாய். டிவியை அலற விட்டாய். சித்திரை வெயிலில் அவளுக்குக் கம்பளிக் குல்லா மாட்டினாய். "இன்னாடா, ரெண்டு பேரும் ஊட்டிக்கா?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. ஒரு நாள் தெருமுனையில் மேளம் கேட்டதும் ஆட எழுந்தாய். அவளைப் பார்த்தாய். கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் அவள் பக்கத்தில் போய்ப் படுத்தாய்.

"போகப் போகப் பயகிடும்டா. நம்ம எல்லாம் பயகலியா?" என்றேன்.

"நம்ம வேற. இது ஒடம்பு தேய்ஞ்சிக்கினே போவுது பாரு. இந்த வூடு இதுக்கு ஆகாது. வேற வூடு பாக்கணும்."

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போலப் பார்த்தாய். ராயபுரத்துப் பழைய இரும்புக் கடைக்காரர், ராத்திரி காவலுக்குச் சங்கிலியில் கட்டுவேன் என்றதும், கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாய். கடைசியில் நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கஸ்தூரி, "என் வூட்டாண்ட வுடு நைனா" என்றாள். முகத்துவாரக்குப்பத்துக்கு அன்றைக்கு நீ பேண்ட் போட்டுக்கொண்டு வந்தாய். உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்த பேண்ட் அதுதான்.

குப்பத்தில் கடைசி வீடு அவளுடையது. அதைத் தாண்டினால் மணல், அப்புறம் தண்ணீர்.

"இங்க சாவு எடுத்தா எந்த வழியா போவாங்க?" என்று முதல் கேள்வி கேட்டாய்.

கஸ்தூரி சிரித்துவிட்டாள். "இன்னா நைனா, நாய வுட வந்தியா, என்ன எடுக்க வந்தியா? சுடுகாடு அந்தாண்ட கீது. இங்க இஞ்சின் சத்தம்தான்."

நீ நம்பவில்லை. சாயங்காலம் வரை குந்தியிருந்து பார்த்தாய். படகுகள் டபடபவென்று போயின. தூரத்தில் அனல்மின் நிலையம் உறுமிக்கொண்டே இருந்தது. சாந்தி காதைக்கூட அசைக்கவில்லை. இறால் உரித்துக்கொண்டிருந்த கஸ்தூரியின் பாதத்தில் மோவாயை வைத்து, நாலு காலையும் நீட்டித் தூங்கிவிட்டாள். உன் வீட்டில் ஒரு பகலும் அவள் அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை.

"சரி, வா" என்று எழுந்தாய். பையிலிருந்து உன் பழைய லுங்கியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாய். பஸ்ஸில் கயிறு மட்டும் உன் கையில் சுருண்டிருந்தது.

"இன்னாடா, பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு அயுவறியா?"

"எண்ணூர் சாம்பலு கண்ல பூந்துச்சு. கம்முனு குந்து."

அதற்கப்புறம் நீ அங்கே போகவே இல்லை. போனால் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று பயம். என்னை அனுப்புவாய். "உன்ன மறந்தே பூட்டா, மத்தி துன்னு குண்டாயிட்டா" என்று வந்து சொன்னால் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம். குண்டானது நிஜம். மறந்தது நான் விட்ட கதை. ஒவ்வொரு தடவையும் என் கையை மோந்துவிட்டு, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாள்.

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே கூப்பிட்டாய். "நீ புளுகுறது எனக்குத் தெரியும்டா. நான் செத்தா அத்த இங்க இட்டுக்கினு வா. என்ன மோந்து பாக்கட்டும். இல்லாங்காட்டி வருவான் வருவான்னு பாத்துக்கினே கெடக்கும்."

"இட்டாறேன்."

"அது வந்தா வெடி வாணாம். மோளமும் வாணாம்."

"நீ ஆடாத சாவு இல்ல. உனக்கு மோளம் இல்லன்னா பொணமே எயுந்து கேக்கும்டா."

"கேட்டா நீ பதில் சொல்லு" என்றாய்.

நான் கஸ்தூரியையும் சாந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தபோது, உன் அக்கா மகன் சேகர் சரவெடி வாங்கி வந்துவிட்டான். மேளக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு நாய்க்கோசரம் எங்க மாமன அநாதப் பொணமாட்டம் எடுக்கச் சொல்றியா? தெருவே காறித் துப்பும்."

"உங்க மாமன் சொன்னதுடா."

அவன் கேட்கவில்லை. நான் சரத்தை அப்படியே கீழே போட்டு அதன்மேல் குந்திவிட்டேன். "பத்த வைக்கறதுன்னா என்னையும் சேத்துப் பத்த வை. ஒரே செலவுல ரெண்டு சாவு."

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். அப்புறம் அழுகை அதிகமாகிவிட்டது. மேளக்காரர்கள் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தட்டாமல் கூடவே நடந்தார்கள்.

சாந்தி உன் காலை மோந்தாள். கையை மோந்தாள். ரொம்ப நேரம் மோந்தாள். பிறகு பாடைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டதால், என்னவோ ஏதோ என்று தெருவே வாசலுக்கு வந்து நின்றது. சுடுகாட்டு வாசலில்தான் எல்லாரும் கடைசிச் சரத்தைக் கொளுத்துவார்கள். தரையெல்லாம் பழைய வெடிக் காகிதம். சாந்தி அங்கே வந்ததும் நின்றுவிட்டாள். காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு, வெடிக்கக் காத்திருந்தாள். பாடை தூக்கியவர்களும் நின்றார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு உள்ளே நடந்தாள்.

இப்போது நான் போனால் என் கையை மட்டும் மோந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். எனக்குப் பின்னால் பார்ப்பதில்லை.

போன வாரம் தெருவில் ஒரு சாவு. சேகர் வந்து, "மாமா, அந்தச் சரம் சொம்மாதான கீது, குடேன்" என்றான். "அது உங்க மாமனோடது, போடா" என்று சொல்லிவிட்டேன். சாந்திக்கு மூஞ்சியெல்லாம் நரைத்துவிட்டது. அவள் இருக்கிற வரை இது சாக்கில்தான் இருக்கும். அவளுக்கும் பின்னால் நான் மிஞ்சினால், சுடுகாட்டு வாசலில் உன் பங்கை நானே கொளுத்துகிறேன், ஆடவும் ஆடுகிறேன், முட்டி ஒத்துழைத்தால். அதுவரை மருந்து நமத்துப் போகாமல் வெயில் காட்ட வேண்டும். சாயங்காலமாகிவிட்டது, மேலே போய் எடுத்து வைக்கிறேன்.