உச்சிக்குப் போன பிளக்

பாப்பாவின் அம்மாவுக்கு,

என் இடது மணிக்கட்டில் எலும்பு முறியவில்லை. இன்று காலை எக்ஸ்ரே பார்த்த டாக்டரே சொன்னார்; வெறும் சுளுக்குதான். ஆகவே பதறாமல் மேலே படி. உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

நடந்தது இதுதான். எங்கள் அறைக்கு என்னைவிட உயரமான கிறிஸ்துமஸ் மரம் ஒன்று வாங்கினோம். நான் எலெக்ட்ரீசியன் என்பதால் சீரியல் விளக்கு சுற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அடியிலிருந்து ஒரு மணி நேரம் அழகாகச் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போனால், பிளக் என் கையில் இருக்கிறது. சுவிட்ச்போர்டோ தரையோரம்.

"இருபது வருஷமா வயர் இழுக்கிறவராம்! மரத்தைத் தலைகீழா நிறுத்திடுங்கண்ணே, சரியாப் போயிடும்" என்றார் அறையில் கூட இருக்கும் பிளம்பர்.

ரோஷத்தில் நாற்காலியில் ஏறி எல்லாவற்றையும் அவிழ்த்தேன். நான் இறங்குவதற்குள் நாற்காலி இறங்கிவிட்டது.

வீட்டில் என்றால் நீ கீழே நின்று, "முதல்ல பிளக் எங்க இருக்குன்னு பாருங்க" என்று நச்சரித்திருப்பாய். இங்கே நச்சரிக்க ஆளில்லை.

மரத்தின் உச்சியில் நட்சத்திரம் சாயாமல் நிற்க நீ எதை வைத்துக் கட்டுவாய் என்று எழுது. உன் முதுகுக்குத் தடவும் தைலத்தின் பெயரையும் எழுது. இங்கே வாங்கியதில் அந்த வாசனை இல்லை.

போன வாரம் லீவு கிடையாது என்று கைவிரித்த சூப்பர்வைசர், இன்று என் கையில் போட்டிருக்கும் கட்டைப் பார்த்துவிட்டு, "ஏணி ஏற முடியாத ஆளை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. பண்டிகைக்கு நான் வருவேனா என்பது பதினெட்டாம் தேதி மாலை தெரியும். அதுவரை பாப்பாவிடம் மூச்சுவிடாதே.

பாப்பாவின் அப்பா