வாய்க்கால் ஓரத்து வேலி

மாமா,

இந்தச் சின்னக் கவுனை இரண்டு தடவை அலசிவிட்டேன். புதுத்தண்ணீரின் சேற்று வாசனை போகவில்லை. உங்கள் பேத்தியின் கவுன். அவள் நன்றாக இருக்கிறாள், பக்கத்தில்தான் தூங்குகிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அப்பா அறுபதுகளில் கட்டிய இந்த வீட்டுக்கு அதன் பழைய தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்க ஆசைப்பட்டோம். கூடத்தில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் போட்டோதான் எங்கள் வரைபடம். கடப்பைக்கல் பாதை, தடுப்பே இல்லாமல் வாய்க்கால்வரை சரிந்து இறங்கும் புல்தரை. நீங்கள் வைத்த கொடுக்காப்புளி வேலி அதில் இல்லை.

அந்த வேலியை எத்தனை தடவை குறை சொல்லியிருப்பேன். "ஆடு வரும்மா" என்பீர்கள். இந்தத் தெருவில் ஆடே கிடையாதே என்றால், வேலி இருப்பதால்தான் வரவில்லை என்று சிரிப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு, இந்தச் சித்திரையில் வெட்டினோம். வாய்க்கால் அப்போது காய்ந்து வெடித்துக் கிடந்தது. கல்லணை திறந்த செய்தியைப் பார்த்தேன்; நம் கடைசி வாய்க்காலுக்கு வர இன்னும் பத்து நாளாகும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். இன்று காலை, சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகனுக்கு அனுப்பப் புல்தரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை பந்தைத் துரத்திச் சரிவில் ஓடினாள். வேலி இருந்த இடத்தைத் தாண்டினாள். அப்புறம் அவளைக் காணவில்லை.

களை எடுக்க வந்திருந்த பாக்கியம் அக்காதான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கவுனைப் பிடித்துத் தூக்கினார். குழந்தை இருமிவிட்டு அழுதாள்.

"போட்டோவுல தண்ணி ஓடுதான்னு பாத்தீங்களாம்மா? அது கோடையில புடிச்சது" என்றார் அக்கா. குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரரும் இதே எடத்துலதான் விழுந்தாரு. ஒன்றரை வயசு. அதுக்கப்பறந்தான் ஐயா வேலி வெச்சாரு."

அன்றும் அக்கா இங்கே வேலையில் இருந்தாராம்; பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது அத்தையாம். ஊர் வாயில் அவர் பெயர் அடிபடக் கூடாது என்று நீங்கள் வெளியே மூச்சுவிடவில்லையாம். அத்தை போன பிறகாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே மாமா. கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் சாயங்காலம் உங்கள் மகன் போனில், தோட்டம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். நன்றாக வந்திருக்கிறது என்றேன். குழந்தை விழுந்ததைச் சொல்லவில்லை. கம்பிவலை கட்ட நாளைக்கே ஆள் வருகிறது. ஏன் என்று கேட்பார். சொல்லிவிடுவேன். நீங்கள் முப்பது வருஷம் தூக்கியதை என்னால் ஒரு நாளுக்குமேல் தூக்க முடியாது.